தெளிவாகத் தெரிகிறவர்கள்

மார்ச் 3, செவ்வாய்

சுற்றுலா பாஸ் தபாலில் வந்துவிட்டது. ஆளுக்கு ஒன்று. பிளாஸ்டிக் அட்டை, கழுத்தில் மாட்டிக்கொள்ள நீல நாடா, அட்டையில் எங்கள் படம். என் படத்தில் நான் யாரையோ திட்டப்போகிற மாதிரி இருக்கிறேன். இதைக் காட்டினால் அந்தப் பழைய நகரத்தில் அரண்மனை, அருங்காட்சியகம், கோபுரம் என்று எங்கு வேண்டுமானாலும் ஒரு வாரம் நுழையலாமாம். மகள் வாங்கி அனுப்பியிருக்கிறாள். கேட்டது இவர்.

அதுதான் எனக்குப் புரியவில்லை. கட்டின நாளிலிருந்து எங்காவது போகலாம் என்றால், "நாள் முழுக்க வேன் ஓட்டறவனுக்கு ஊர் சுத்தறது ஒரு சந்தோஷமா?" என்று வாயை அடைத்த மனுஷன். போன வருஷம் முதுகு வலி என்று சொல்லி, சாமான் கொண்டுபோய்ப் போடும் அந்த வேலையையும் விட்டாயிற்று. அதன் பிறகு பின்னறையே கதி. போனை மூக்கில் ஒட்டவைத்துக்கொண்டு ஏதோ பார்க்கிறார், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஏதோ கேட்கிறார். நான் போனால் அணைத்துவிடுகிறார். திடீரென்று மகளுக்குப் போன் போட்டு, "அம்மாவை அங்க கூட்டிட்டுப் போகணும்" என்றாராம்.

எதற்கு அந்த ஊர் என்று எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் நாங்கள் இருந்த வாடகை அறையில், ஓதம் ஏறிய சுவரை மறைக்க ஒரு காலண்டர் படம் ஒட்டியிருந்தோம். பெரிய சதுக்கம், நடுவில் குதிரைமேல் ஒரு ராஜா. ஒருநாள் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தார். அது அவருக்கு ஞாபகம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

சந்தோஷமாகத்தான் இருக்கிறது. எழுதி வைக்கிறேன், பிறகு சண்டை வந்தால் மறந்துபோகும்.

மார்ச் 9, திங்கள்

வந்து சேர்ந்தோம். விடுதி அறை இரண்டாவது மாடியில். படி குறுகல். இரண்டு கட்டில், ஒரு மேசை, கதவுக்குப் பின்னால் ஒரு கொக்கி. ஜன்னலைத் திறந்தால் கைக்கு எட்டும் தூரத்தில் அடுத்த கட்டிடத்தின் மொட்டைச் சுவர். காற்று மட்டும் வருகிறது, அதுவும் ஓசி என்பதால் போலிருக்கிறது.

ஒன்று உறுத்துகிறது. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் நான் யாரிடமாவது வழி கேட்கலாம் என்று நின்றேன். அவர் நிற்கவேயில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடக்கிறார்.

"எங்க போறீங்க? வழி தெரியுமா?"

"மருந்துக் கடையை ஒட்டி ஒரு சந்து. அதுல இறங்கினா நம்ம விடுதி."

மருந்துக் கடை எதுவும் இல்லை. போன் கடை ஒன்று இருந்தது. அதை ஒட்டிச் சந்து இருந்தது. சந்தில் விடுதி இருந்தது.

சாவி கொடுத்த விடுதிக்காரம்மாவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "ஓ, மருந்துக் கடையா? முன்னாடி இருந்துதும்மா. அந்தக் கடைக்காரர் காலி பண்ணிட்டுப் போன பிறகுதான் போன் கடை வந்துது" என்றாள்.

"நீங்க இதுக்கு முன்னாடி இங்க வந்திருக்கீங்களா?" என்று கேட்டேன். "இல்லையே" என்றார். பொய் சொல்லும்போது இவருக்குக் காது சிவக்கும். சிவக்கவில்லை.

இப்போது அறையைச் சுற்றிச் சுற்றி வருகிறார். கட்டில் விளிம்பு, மேசை முனை, கதவு எல்லாவற்றையும் ஒருமுறை தொட்டுப் பார்க்கிறார். வாடகை கொடுத்ததற்கு எண்ணி வாங்குகிறீர்களா என்றேன். "இடத்தைப் பழகிக்கறேன் ஊசி" என்றார். ஊசி நான்தான். என் தையல் வேலைக்காக வைத்த பெயரா, என் வாய்க்காக வைத்த பெயரா என்று இதுவரை சொன்னதில்லை.

மார்ச் 10, செவ்வாய்

சதுக்கத்துக்குப் போனோம். காலண்டர் படத்தின் சதுக்கம்! ஆனால் நடுவில் குதிரையும் இல்லை, ராஜாவும் இல்லை. பீடத்தைச் சுற்றிச் சாரம் கட்டிச் சாக்குத்துணி போட்டு மூடியிருந்தார்கள். சிலையைச் சுத்தம் செய்யக் கொண்டுபோயிருக்கிறார்களாம். இவ்வளவு தூரம் வந்து ஒரு சாக்குமூட்டையைப் பார்க்கிற அதிர்ஷ்டம் எங்களுக்குத்தான் வாய்க்கும். அவர் மனம் உடைந்துபோவாரே என்று திரும்பினேன்.

அவர் தலையை நிமிர்த்தி, முகமெல்லாம் சிரிப்பாக நின்றிருந்தார்.

"பாத்தியா? குதிரை மூக்கைப் பாரு. மூச்சு விடுற மாதிரியே இருக்கு. ராஜா கையில கடிவாளம் இல்ல, கவனிச்சியா? கையை நம்ம பக்கம் நீட்டியிருக்கார்."

கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் நான் சிரித்த பிறகு, கொஞ்சம் தாமதமாக.

காலண்டரில் பார்த்ததை நினைத்துச் சொல்லியிருப்பார். அப்படித்தான் இருக்கும்.

அரண்மனையில் வாசல்காரர்கள் அட்டையைப் பார்த்துவிட்டுத் தலையசைத்து விடுகிறார்கள். அரசி வீட்டு விருந்தாளி மாதிரி போகலாம். உள்ளே மாடியில் ஒரு நீண்ட நடைகூடம். ஆளே இல்லை. தரையில் வெயில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. நடுவழியில் இவர் சட்டென்று என் முழங்கையைப் பிடித்துச் சுவரோரமாக இழுத்தார்.

"வழி விடு. அவங்க போகட்டும்."

"யாரு?"

அவர் கண் மெதுவாக இடமிருந்து வலமாகப் போயிற்று. யாரோ கடந்து போகிறவர்களைப் பார்க்கிற மாதிரி. ஒருவர் இல்லை, பலர் கடந்து போக ஆகிற நேரம் அது. பிறகு, "ஒண்ணுமில்ல, கால் இடறிடுச்சு" என்றார்.

கால் இடறவில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

மார்ச் 11, புதன்

அருங்காட்சியகம். எழுதவே கை வரவில்லை. எழுதாவிட்டால் மண்டைக்குள்ளேயே சுற்றும்.

ஓவியக் கூடத்தில் பெஞ்சில் உட்கார வைத்தார். எதிர்ச் சுவரைக் காட்டி, "இதைத்தான் உனக்குக் காட்டணும்னு இருந்தேன்" என்றார். ஒரு குடும்பமாம். அப்பா நிற்கிறார், அம்மா நீலத்தில் உட்கார்ந்திருக்கிறாள், பிள்ளைகள் சுற்றி. "எல்லாரும் நம்மைப் பாக்குறாங்க. அந்தக் கடைசிப் பொண்ணு மட்டும் வேற எங்கயோ பாக்குறா பாரு. யாரையோ தேடற மாதிரி இல்ல? அவ கையில ஒரு ஒத்தச் செருப்பு இருக்கு, அதையும் கவனி."

எதிர்ச் சுவரில் ஓவியம் இல்லை.

ஒரு ஆணி. அதற்குக் கீழே, படம் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளிறிப்போய்ச் சதுரமாகத் தெரிந்தது. ஓரத்தில் சின்ன அறிவிப்பு: பழுதுபார்க்க எடுத்துச் செல்லப்பட்டுள்ளது.

காவலுக்கு நின்ற பெண் காதில் விழுந்து பக்கத்தில் வந்தாள். இவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு என்னிடம் தாழ்ந்த குரலில், "ஐயா எப்ப வந்து பாத்தார்? அதைக் கழட்டி ரொம்ப காலம் ஆச்சேம்மா. ஒத்தச் செருப்பு வரைக்கும் சொல்றாரே" என்றாள். "வந்ததே இல்லை" என்று சொன்னேன். அவள் தன் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டு பழைய இடத்துக்கே போய்விட்டாள்.

அவர் இன்னும் அந்த வெற்றுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார், ஆசை ஆசையாக.

என்ன நினைப்பது? முன்னால் வந்திருக்கிறார் என்றால், யாரோடு? எப்போது? வேனில் சரக்கு ஏற்றிக்கொண்டு வெளியூர் போகிறேன் என்று சொன்ன நாட்களா? இந்த வயதில் எனக்கு இப்படி ஒரு சந்தேகம் வருகிறதே, வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அந்தச் சந்தேகம் இருக்கட்டும் என்றே மனம் கெஞ்சுகிறது. இன்னொருத்தி என்றால் சண்டை போடலாம். இல்லாத படத்தைப் பார்க்கிறவரோடு என்ன சண்டை போடுவது?

மார்ச் 12, வியாழன்

பாதாளச் சிறை. நான் வேண்டாம் என்றேன். பாஸில் இருப்பதை விட்டுவைக்கக் கூடாதாம், எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டுமாம். அவசரப்படுகிறார். என்ன அவசரம் என்று கேட்டால் மென்று விழுங்குகிறார்.

ஒரு சின்னக் கூட்டமாகக் கீழே அழைத்துப் போனார்கள். வழிகாட்டிப் பெண் நல்ல கலகலப்பு. கைதிகள் எப்படி இருந்தார்கள் என்று காட்டுகிறேன் பேர்வழி என்று விளக்கை அணைத்துவிட்டாள். அப்பப்பா, அப்படி ஒரு இருட்டு. ஆளாளுக்கு ஒரு கத்தல். என் கைப்பையை நானே யாரோ என்று நினைத்து அடித்தேன். அவர் மட்டும் பதறவில்லை. என் கையைப் பிடித்து, பகலில் கடைத்தெருவில் போகிற மாதிரி நடத்திக்கொண்டு போனார். "இங்க ஒரு படி இறங்கு. இப்ப தலையைக் குனி. இடது கையால சுவத்தைத் தொட்டுக்கோ." ஒன்றும் தப்பவில்லை. எல்லோரும் முட்டிக்கொண்டார்கள், நாங்கள் முட்டவில்லை.

விளக்கு வந்தது. அவர் மூலையைப் பார்த்து நின்றிருந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"குழந்தைங்களை எதுக்கு இங்க நிக்க வெச்சிருக்காங்க?" என்றார்.

மூலையில் ஈரக்கல் மட்டும்தான். எங்கள் கூட்டத்தில் குழந்தையே இல்லை.

"எவ்வளவு குட்டிக் குட்டியா. தொப்பி போட்டிருக்கு எல்லாம்" என்றார். பிறகு என் மூச்சுச் சத்தம் கேட்டோ என்னவோ, "சும்மா சொன்னேன், வா" என்று சிரிக்கப் பார்த்தார். காது சிவந்திருந்தது.

மகளுக்குப் போன் போட்டேன். முழுதாகச் சொல்ல வரவில்லை, அப்பா ஒரு மாதிரி இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். "வயசாகுதும்மா, மறதி வரும்" என்றாள். "மறதியா? எல்லாம் ஞாபகம் இருக்கறதுதான்டி எனக்குப் பயமா இருக்கு" என்றேன். அவள் சிரித்தாள். நான் போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

மழை. வெளியே போகவில்லை. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து யாருக்கோ தலையசைத்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே சுவர்தான் இருக்கிறது.

அதே நாள், சாயங்காலம்

பொழுது போகாமல் அறையை ஒழுங்குபடுத்தினேன். கொக்கியில் இரண்டு பாஸும் தொங்கின. அவருடைய நாடாவில் ஒரு முடிச்சு, கொழுக்கட்டை மாதிரி, அசிங்கமாக. ஆயுசு முழுக்கத் துணிக்கடையில் சட்டை நீளம் குறைத்து, இடுப்பு பிடித்து, கந்தல் மறைத்து வேலை பார்த்தவள் நான். நாடாவில் முடிச்சைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? அவிழ்த்து, நீவி, இரண்டையும் ஒரே மாதிரி மாட்டிவைத்தேன். இன்றைக்கு உருப்படியாக நடந்த ஒரே வேலை.

மார்ச் 14, சனி

இன்னைக்கு நடந்ததை எப்படி எழுதறது.

மணிக்கோபுரத்துக்குப் போனோம். வாசலில் நல்ல கூட்டம். விசில் மாட்டிய வாசல்காரர், தடித்த ஆள், எல்லோர் அட்டையையும் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் விட்டார். இவர் கழுத்து அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"ஐயா, இது உங்க கார்டு இல்லையே" என்றார் வாசல்காரர்.

"ஏன்? என்னுதுதான்."

"நல்லாப் பாருங்கய்யா."

இவர் அட்டையை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். திருப்பினார். தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தார். வெயில் அதன்மேல் பளீரென்று விழுந்திருந்தது. பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"என் மூஞ்சிதானே? கொஞ்சம் பழைய படம்."

"அம்மா மூஞ்சிங்க அது!"

வரிசையே சிரித்தது. அவரும் சிரித்தார், கூட்டத்தோடு சேர்ந்து, கொஞ்சம் தாமதமாக.

நான் சிரிக்கல. அந்தத் தாமதம். சதுக்கத்துல அதே தாமதம். முடிச்சு. நாடாவில முடிச்சு போட்டு வெச்சது எதுக்கு? விரலால தடவி எது தன்னுதுன்னு கண்டுபிடிக்க. நான் அவுத்துட்டேன். போனை மூக்குல ஒட்ட வெச்சது. அறை முழுக்கத் தொட்டுப் பாத்தது. முதுகு வலின்னு வேனை விட்டது. ஐயோ, எல்லாம் என் கண்ணு முன்னாடிதான் நடந்திருக்கு.

கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்து, கோபுரத்துக்கு எதிரில் ஒரு கல்பெஞ்சில் உட்காரவைத்தேன்.

"எவ்வளவு தெரியுது?" என்றேன்.

எதைக் கேட்கிறாய் என்று மழுப்பவில்லை. அதுவரை சந்தோஷம்.

"நடுவுல தெரியாது. நேரா எதைப் பாத்தாலும் அந்த இடம் மட்டும் அழிஞ்சிருக்கும். ஓரத்துல கொஞ்சம் தெரியும். நிறம் தெரியும், உருவம் தெரியும்."

"என் முகம்?"

"நீ எங்க நிக்கறேன்னு தெரியும்."

"முகம் தெரியுதான்னு கேக்கறேன்."

"குரல் வர்ற இடத்துல ஒரு மூட்டமா இருக்கும்" என்றார்.

வேனை விடும்போதே கண் மருத்துவர் சொல்லிவிட்டாராம், இது போகப் போகக் குறையும், திரும்பி வராது என்று. யாரிடமும் மூச்சு விடவில்லை. புது ரோட்டில் சரக்கு எடுத்தால் முதல் நாளே வழியை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது இவர் வழக்கம். எங்கே திரும்புவது, எங்கே பள்ளம், எல்லாம் கண்ணை மூடிக்கொண்டே சொல்வார். அப்படித்தான் இந்த ஊரையும் படித்திருக்கிறார். யாரோ சுற்றிப் பார்த்து எடுத்துப் போட்ட வீடியோ படங்களை, மிச்சமிருந்த ஓரப்பார்வையை வைத்துக்கொண்டு, பெரிதாக்கிப் பெரிதாக்கி, அவர்கள் பேசுவதைத் திரும்பத் திரும்பக் கேட்டு. அவை பழைய படங்கள் என்று தெரிந்திருக்கவில்லை. சிலையை இறக்கியது, ஓவியத்தைக் கழற்றியது, மருந்துக் கடை போனது எதுவுமே தெரியாது.

"எதுக்கு? என்கிட்ட சொல்லியிருந்தா நான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்க மாட்டேனா?"

"அதுக்குத்தான் சொல்லல. காட்டறேன்னு சொன்னது நான். நீ என்னை இழுத்துட்டுப் போற மாதிரி ஆகக் கூடாது."

திட்டினேன். நன்றாகத் திட்டினேன். போகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். திட்டி முடித்து அழுதேன். அழுது முடித்ததும் மனம் லேசாகிவிட்டது என்றே நினைத்தேன். குட்டு வெளிப்பட்டுவிட்டது, பேயும் இல்லை பிசாசும் இல்லை, இன்னொருத்தியும் இல்லை. அப்போதுதான் கேட்டேன்:

"அந்தக் குழந்தைங்க? அதுவும் படத்துல பாத்ததா?"

அவர் கை சில்லிட்டுப் போனது. பிடித்திருந்த என் கைக்குத் தெரிந்தது.

"இல்ல ஊசி. அது எந்தப் படத்துலயும் இல்ல."

அரண்மனை நடையில் போனவர்களும் இல்லையாம். ஜன்னலில் வருகிறவர்களும் இல்லையாம். இந்த ஊருக்கு வந்த அன்றைக்கு ஆரம்பித்ததாம். உயரத் தொப்பி போட்டவர்கள், பூப்போட்ட அங்கி போட்ட பெண்கள். பேசுவதில்லை. பார்ப்பார்கள், போய்விடுவார்கள்.

"உன் முகம் தெரியல. என் கை தெரியல. அதுங்க மட்டும் அவ்வளவு தெளிவாத் தெரியுது. சட்டைப் பொத்தான், பொத்தான்ல சுத்தியிருக்கற நூல் வரைக்கும். எனக்குப் பைத்தியம் பிடிக்குதா?"

கண் போவதற்கு இவர் பயப்படவில்லை. இதற்குத்தான் பயந்துபோயிருக்கிறார். நான் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. ஏதோ சொன்னேன்.

மார்ச் 15, ஞாயிறு

மூட்டை கட்டிவிடலாம் என்றேன். பாஸ் இன்னும் செல்லும் என்றார். சரி என்று கிளம்பினோம். இன்றைக்கு அவர் சொல்வதை நான் கேட்கவில்லை. பார்த்ததை எல்லாம் நான் சொன்னேன். சாக்குமூட்டை ராஜாவைப் பற்றிச் சொன்னேன். வெற்று ஆணியைப் பற்றிச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அந்தக் காவல்காரப் பொண்ணு ராத்திரி தூங்கியிருக்க மாட்டா" என்றார்.

அரண்மனையில் அதே நடை. அதே வெயில் கட்டங்கள். பாதி தூரம் போனதும் அவர் நின்றுவிட்டார். அவர் கை இறுகியது, அவ்வளவுதான்.

"வர்றாங்களா?" என்று கேட்டேன்.

"ம்."

"நிறைய பேரா?"

"நிறைய."

இரண்டு பேருமாகச் சுவரோரம் ஒதுங்கி நின்றோம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தூசி மட்டும் வெயிலில் மிதந்துகொண்டிருந்தது. ஆனாலும் நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன், யாரும் மிதித்துவிடாமல். ஏன் அப்படிச் செய்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. "போயிட்டாங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் நகர்ந்தேன்.

வெளியே கடையில் எனக்கு ஒரு சால்வை வாங்கித் தந்தார். விரலால் தடவித் தடவிப் பார்த்து அவரே தேர்ந்தெடுத்தது. நல்ல கம்பளி. பச்சை. எனக்குப் பச்சை ஆகாது என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டோம். அவர்களும் வந்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 2, வியாழன்

கண் மருத்துவரிடம் நானும் போனேன். இவர் சொல்ல மாட்டார் என்று நானே எல்லாவற்றையும் கொட்டினேன். மருத்துவர் ஆச்சரியப்படவேயில்லை. "பயப்படாதீங்கம்மா, இது பைத்தியம் இல்ல. பார்வை குறையறவங்கள்ல கொஞ்சம் பேருக்கு இப்படி வரும். கண்ணு படம் அனுப்பறதை நிறுத்துது, மூளை சும்மா இருக்க மாட்டாம தானே ஒரு படம் போட்டுக்குது. யாரும் வெளிய சொல்றதில்ல, உங்க வீட்டுக்காரர் மாதிரிதான், பயந்துக்கிட்டு" என்றார். தொப்பிக்காரர்கள், குட்டி மனிதர்கள் எல்லாம் நிறைய பேருக்கு வருகிறவர்கள்தானாம். பெரும்பாலும் முன்பின் அறியாதவர்களாகத்தான் இருப்பார்களாம். பேச மாட்டார்கள். நாளாக நாளாகக் குறைந்துபோகலாம்.

நெஞ்சிலிருந்து ஒரு கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. பேருந்தில் வரும்போது இவர் சொன்னார்: "அப்ப கணக்கு சுலபம். தெளிவாத் தெரிஞ்சா அது இல்லாத ஆள். மங்கலாத் தெரிஞ்சா நிஜம்."

"அப்ப நான்?"

"நீதான் இருக்கறதிலேயே மங்கல்."

பேருந்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். இப்போது தனியாக உட்கார்ந்து எழுதும்போது அது சிரிப்பாக இல்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

பழகிவிட்டது. காலையில் எழுந்ததும், "இன்னைக்கு யாரு வந்திருக்கா?" என்று கேட்கிறேன். உறவுக்காரர்களைவிட இவர்கள் தேவலை, காபி கேட்பதில்லை. இன்றைக்கு ஒரு உயரத் தொப்பிக்காரர் என் தையல் மெஷின் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாராம். "எந்திரிக்கச் சொல்லுங்க, தைக்க வேண்டியது கிடக்கு" என்றேன். "நீ போய் உக்காரு, அவரே எந்திரிப்பார்" என்றார்.

போய் உட்கார்ந்தேன். ஸ்டூல் சூடாக இருந்தது. வெயில் விழுகிற இடம்தான் அது. வெயில்தான்.

இரண்டு பாஸும் இனி எதற்கும் செல்லாது. இருந்தாலும் கதவோரம் ஆணியில் மாட்டியிருக்கிறேன். அவருடைய நாடாவில் நானே முடிச்சுப் போட்டேன், இறுக்கி.

மே 14, வியாழன்

சால்வை அந்த ஆணியிலேயே மாட்டிக் கிழிந்துவிட்டது, ஓரத்தில். பச்சை நூல் தீர்ந்துபோயிருந்தது. சிவப்பு நூலால் இழையோட்டி, மடித்து அலமாரியில் அடியில் வைத்தேன். அவரிடம் சொல்லவில்லை, ஆசையாக வாங்கித் தந்தது. தொழில் தெரிந்தவள் செய்கிற வேலையா இது? ஆனால் யார் பார்க்கப்போகிறார்கள்.

மே 30, சனி

ஒரு வாரமாக யாரும் வரவில்லையாம். மருத்துவர் சொன்ன மாதிரியே குறைகிறது. நல்லதுதான். அவர் மட்டும் என்னவோ போல இருக்கிறார். ஓரத்தில் இருந்த கொஞ்சமும் மங்கிக்கொண்டு வருகிறது. "அவங்களாவது தெளிவா இருந்தாங்க" என்றார்.

ஜூன் 9, செவ்வாய்

இன்று காலை கடைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அவர் பேசுகிற சத்தம் கேட்டது. மகள்தான் சொல்லாமல் வந்துவிட்டாளோ என்று மெதுவாக எட்டிப் பார்த்தேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே என் தையல் மெஷின், முன்னால் என் ஸ்டூல். ஸ்டூலில் யாரும் இல்லை. அவர் அதை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைச் சாய்க்காமல், ஓரக்கண் போடாமல், நேராக. அவர் அப்படி எதையும் பார்த்து எவ்வளவு காலமாகிவிட்டது.

"மூக்குப் பக்கத்துல அந்த மச்சம். மறந்தே போச்சு எனக்கு" என்றார்.

நான் கதவைத் தள்ளப் போன கையை எடுத்துவிட்டேன்.

"தலை நல்லா நரைச்சிடுச்சு உனக்கு. பரவால்ல, எடுப்பாத்தான் இருக்கு." முன்னால் குனிந்து எதையோ உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"நான் வாங்கித் தந்த சால்வையா? ஏன்டி, பச்சைத் துணிக்குச் சிவப்பு நூலா போடுவாங்க? நூல் கிடைக்கலையா உனக்கு?"

என் கை தானாகத் தோளுக்குப் போயிற்று. என்மேல் சால்வை இல்லை. அது அலமாரியில், அடியில், மடித்தபடி இருக்கிறது. தையலைத் தடவித் தெரிந்துகொண்டிருக்கலாம். சிவப்பு என்று எப்படித் தெரியும்? வாசலில் நல்ல வெயில், எனக்குக் குளிர்ந்தது.

"பேச மாட்டே. தெரியும்" என்றார் அவர், ஸ்டூலைப் பார்த்து. "இவ்வளவு தெளிவாத் தெரியும்போதே தெரிஞ்சுபோச்சு. பரவால்ல. அவ கடைக்குப் போயிருக்கா, வர்ற வரைக்கும் இரு."

நான் ஒரு வார்த்தை பேசினால் போதும், என்னங்க என்று கூப்பிட்டால் போதும், அவர் திரும்புவார். குரல் வருகிற இடத்தில் ஒரு மூட்டம் நிற்கும். அது நான்.

செருப்பைக் கழற்றினால் சத்தம் கேட்கும். கழற்றாமல் அப்படியே வாசலில் நின்றேன். பை கனத்தது, கை மாற்றிக்கொண்டேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளட்டும்.